எனது முப்பத்தெட்டாம் மனுவை இரத்துச் செய்யக் கோருதல்

அனுப்புபவர்:
ஏ.எல். ஆதம்பாவா,
லெப்பை குடி மரைக்கார்,
பள்ளிவாசல் நிர்வாக சபைச் செயலாளர்,
நாவலடிக்கண்டம்,
வரிப்பத்தான்சேனை வழி.

பெறுபவர்:
சுகாதார சேவைகள் அத்தியட்சகர் அவர்கள்,
அத்தியட்சகர் பணிமனை.

விடயம்: எமது ஊர் மருத்துவமாது செல்வி முனவ்வறாவுக்கு 1982.06.01 முதல் வழங்கப்பட்டுள்ள இடமாற்றத்தை நிறுத்தல். அதற்குக் காரணமான எனது மனுவைத் தள்ளுபடி செய்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மாதம் எட்டாந் திகதி தங்கள் பணிமனையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் கிடைத்தது. கடந்த ஒக்டோபரில் நான் அனுப்பிய மனுவின் பேரில் விசாரணை நடத்தப்பட்டதென்றும், மருத்துவமாது முனவ்வறா பதினெட்டு மைல் தொலைவிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்கு மாற்றப்படுகிறார் என்றும், பதிலாள் பின்னர் நியமிக்கப்படுவார் என்றும் அதில் கண்டிருந்தது. விடயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்காக எனக்கு நன்றியும் தெரிவிக்கப்பட்டிருந்தது. அந்த நன்றியை மிகுந்த பணிவுடன் திருப்பி அனுப்புகிறேன். கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

2. என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் இம்மனு விளங்காது. இருபது வருடமாக இவ்வூருக்காக மனு எழுதுபவன் நான். ஊரில் என்னைப் 'பெட்டிசம் மரைக்கார்' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். மதகு கேட்டு எழுதினேன், பஸ் கேட்டு எழுதினேன், தபாற்கந்தோர் கேட்டு ஒன்பது தடவை எழுதினேன். முப்பத்தேழு மனுக்கள், ஐயா. ஒன்றுக்காவது ஒரு வரி பதில் வந்ததில்லை. முப்பத்தெட்டாவதுக்கு மட்டும் விசாரணையும் வைத்து, கட்டளையும் போட்டு, நன்றியும் சொல்லியிருக்கிறீர்கள். அரசாங்கம் என் சொல்லைக் கேட்ட ஒரேயொரு தடவை, நான் பிழையாகச் சொன்ன தடவையாகப் போய்விட்டது.

3. எங்கள் ஊர் வயல் வட்டைக்கு நடுவே கிடக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம். மாரி பிடித்தால் பாதை தண்ணீருக்குள் போய்விடும். பிறகு வெளியே போவதென்றால் ட்ரெக்டர்தான். முனவ்வறா வருவதற்கு முந்திய நான்கு வருடத்தில் பிரசவத்தில் ஐந்து தாய்மாரை அடக்கினோம். பள்ளிச் செயலாளர் என்ற முறையில் ஐந்து ஜனாஸா அறிவித்தலையும், ஊருக்கு வாசிக்கும் மோதினாருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். ஆனாலும் அதற்கு என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு மனு எழுதலாம் என்றுதான் தோன்றியது.

4. முனவ்வறா மருதமுனையைச் சேர்ந்தவர்; தகப்பனார் கைத்தறி நெசவாளர். 1980 ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு பெட்டியுடனும் சைக்கிளுடனும் வந்தார். வயது இருபத்தாறு. இரண்டு மாதம் வீடு வீடாகப் போனார். மூன்றாம் மாதம் எங்கள் ஐந்து மரைக்கார்மாரிடமும் வந்து, தான் ஒருத்தி இருநூறு வீட்டைப் பார்க்க இயலாது என்றும், குடிக்கு ஒரு பெண்ணைச் சுகாதாரப் பொறுப்பாக வைக்கப்போவதாகவும் அறிவித்தார். கேட்கவில்லை ஐயா, அறிவித்தார்.

தாங்கள் வேறு மாவட்டத்தவர் என்று அறிவதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி தாய்வழியில் வரும். ஆனால் குடிக்குத் தலைமை மரைக்கார், அவர் ஆண். குடியின் கலியாணம், மௌத்து, வழக்கு எல்லாம் அவர் கையில். இதற்குள் ஒரு பெண்பிள்ளை வந்து பொறுப்பு வைப்பதா என்று நாங்கள் கொதித்தோம். யாரிடம் உத்தரவு வாங்கினாய் என்று நானே அதட்டினேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி சொன்னது: "குடி உம்மாட வழியாலதானே வருது மரைக்கார். குடிட சுகத்தையும் ஒரு உம்மா பாத்தா என்ன குத்தம்?"

சொன்னதில் பிழை இல்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

5. ஓடாவி குடிக்குப் பொறுப்பாக அவர் தெரிந்தெடுத்தது நஸீறா என்பவரை. நஸீறா எனது மனைவி. செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கும் பொறுப்பாளர் கூட்டமும் நஸீறாவின் வளவிலேயே நடக்கத் தொடங்கின. எங்கள் வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக வருவன. மாப்பிள்ளை அங்கே போய் இருப்பவன். இதை நான் மறந்து, கூட்டத்தை நிறுத்தும்படி சொன்னேன். மனைவி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே சொன்ன மறுமொழியை உள்ளபடி தருகிறேன்: "பள்ளி ஒங்கட, வளவு என்ட. ஒங்கட பள்ளிக்க வந்து நான் சட்டம் கதைக்கல்லதானே."

வீட்டில் செல்லாத வாக்கை அரசாங்கத்தில் செலுத்தலாம் என்று அன்றுதான் பேனையை எடுத்தேன்.

6. அந்த மனுவில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. (அ) மரைக்கார்மாரின் சம்மதமின்றிப் பெண்களைப் பொறுப்பில் அமர்த்தினார். (ஆ) வாரத்தில் ஒரு நாள் முழுவதும் வீடுகளுக்குப் போகாமல் ஒரு தனியார் வளவில் குந்தியிருக்கிறார். (இ) வீட்டு வாசற் கடப்புகளிலும் கிணற்றுத் தூண்களிலும் துணி கட்டுகிறார்; இது மார்க்கத்துக்கு விரோதமானது.

மூன்றும் நடந்தவை. ஆனால் மூன்றுக்கும் நான் கற்பித்த அர்த்தம் பொய். பொறுப்பில் அமர்ந்த பெண்கள் ஒவ்வொரு கர்ப்பிணியின் மாதத்தையும் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அவர் வளவில் குந்தியிருந்த நாளில் நாற்பது தாய்மார் அங்கே வந்தார்கள். துணி விடயத்தை இனிச் சொல்கிறேன். அதுதான் எனக்கு வெட்கமானது.

7. பொறுப்பாளர் ஐவரில் இருவருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே முனவ்வறா தகப்பனாரின் தறியில் மிஞ்சிய ஓரத் துணிகளைக் கொண்டுவந்தார். எட்டாம், ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக் கடப்பில் சிவப்புத் துண்டு. மருந்து போட்டுக் குடிக்கத் தக்கதாயுள்ள கிணற்றின் தூணில் வெள்ளைத் துண்டு. இவ்வளவுதான் சங்கதி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. தாயத்து, சூனியம் என்று என் புத்தி போனது. ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டு வரும் வழியில் எனது குடியைச் சேர்ந்த ஜெமீலா என்பவரின் கடப்பில் கிடந்த சிவப்புத் துண்டை என் கையாலேயே அவிழ்த்து வாய்க்காலில் எறிந்தேன். அது ஜனவரி மாதம். மூன்றாம் நாள் குளக்கட்டு உடைப்பெடுத்தது.

8. விடிவதற்குள் வீடுகளுக்குள் முழங்கால் தண்ணீர். நாங்கள் ஐந்து மரைக்கார்மாரும் பள்ளியில் கூடினோம். அரசாங்க அதிபருக்குத் தந்தி அடிப்பதென முடிவாயிற்று. வாசகம் எழுதும் பொறுப்பு எனக்கு. 'அவசரம்' என்பதா 'அதி அவசரம்' என்பதா என்று ஒரு மணித்தியாலம் தர்க்கித்தோம். தந்தி அடிக்கும் இடத்துக்குப் பாதை இல்லை என்பது பிறகுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பொறுப்பாளர்கள் எங்கள் ஊர் றஸாக்கின் ட்ரெக்டரை மறித்து, சிவப்புத் துண்டு கட்டிய வீடுகளிலிருந்து கர்ப்பிணிகளை முதலில் ஏற்றி, மேட்டிலுள்ள பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எந்த வீடு, எந்த ஒழுங்கை என்று தேடவும் இல்லை. பாடசாலையில் முனவ்வறா தலை எண்ணினார். ஏழு பேர் இருக்க வேண்டும். ஆறு பேர்தான் இருந்தார்கள்.

9. ஜெமீலாவின் வீடு ஊரின் கடைசி. கடப்பில் துணி இல்லாததால், அவர் முன்னரே வேறிடம் போய்விட்டார் என்று எண்ணி, ட்ரெக்டர் அதைத் தாண்டி வந்துவிட்டது. முனவ்வறா அதே ட்ரெக்டரைத் திருப்பி, இடுப்பளவு தண்ணீருக்குள் போனார். ஜெமீலா பிரசவ நோக்காட்டுடன், நெல் சேர்த்து வைக்கும் பட்டறையின் மேல் ஏறி இருந்தார். திரும்பும் வழியில், ட்ரெக்டர் பெட்டிக்குள், நான்கு பெண்கள் தார்ப்பாய்ப் படங்கைப் பிடித்து மறைக்க, மழைக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். படங்கின் ஒரு மூலையைப் பிடித்தது என் மனைவி.

அந்தத் துணியை அவிழ்த்தது நான்தான் ஐயா. ஆறாவது ஜனாஸா அறிவித்தலை அல்லாஹ் என் கையால் எழுத வைக்கவில்லை.

10. ஒன்பது நாள் ஊர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வயிற்றோட்டம் வந்தது. பக்கத்துக் குடியேற்றங்களில் பிள்ளைகள் மௌத்தானார்கள். எங்கள் ஊரில் நாற்பத்துமூன்று பிள்ளைகளுக்குக் கண்டது, ஒன்றும் மௌத்தாகவில்லை. முப்பத்தொரு கிணற்றுக்கும் பொறுப்பாளர்களே இறைத்து மருந்து போட்டார்கள். வெள்ளைத் துண்டு இல்லாத கிணற்றில் வாளி போட்டவருக்கு நடந்ததை எழுதினால் இது மனுவாக இராது. பள்ளிக் கிணற்றில் நான் வாளி விட்டபோது, ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து கயிற்றைப் பிடித்து, "மரைக்கார், அதில துணி இல்ல" என்றது. நான் வாளியை மேலே எடுத்தேன்.

முனவ்வறா வந்த நாளிலிருந்து இன்றுவரை எழுபத்தாறு பிரசவம் பார்க்கப்பட்டுள்ளது. ஒரு தாயையும் நாங்கள் இழக்கவில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன். இம்மாவட்டத்தில் இப்படிச் சொல்லக்கூடிய வேறொரு ஊரை எவராவது காட்டட்டும்.

11. அப்படியானால் அந்த மனுவை ஏன் உடனே வாபஸ் வாங்கவில்லை என்று தாங்கள் கேட்பது நியாயம். ஒன்று வெட்கம். மற்றது, அதுவும் மற்ற முப்பத்தேழைப் போலத் தங்கள் பணிமனையில் எங்காவது கட்டுக்குள் தூங்கும் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

மார்ச்சில் விசாரணைக்கு அழைக்கப்பட்டது முனவ்வறா மட்டும். மூன்று குற்றச்சாட்டும் உண்மையா என்று கேட்டதற்கு ஓம் என்று சொல்லி ஒப்பமிட்டு வந்திருக்கிறார். ஜெமீலாவின் கடப்பில் துணியை அவிழ்த்தது யார் என்பது அவருக்கு ஜனவரியிலேயே தெரியும். வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் நின்ற பெண் பார்த்திருக்கிறாள். அதை அவர் விசாரணையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இடமாற்றம் வந்திராது. என் மானம்தான் போயிருக்கும். என் மானத்தைக் காப்பாற்றி அவர் தண்டனை வாங்கியிருக்கிறார். இதை நானே எழுதி அந்த மானத்தை இன்று தங்கள் மேசையில் வைக்கிறேன்.

12. தங்கள் கடிதத்தை நான் வீட்டில் வாசித்தபோது என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "எழுதினது நீங்க. எழுதியே அழிங்க" என்று மட்டும் சொன்னார்.

நேற்று ஜும்ஆவுக்குப் பின் ஐந்து மரைக்கார்மாரும் நஸீறாவின் வளவுக்குப் போனோம். பெண்கள் பாயில் இருந்தார்கள், நாங்கள் நின்றோம். ஊர் சுகாதாரக் குழுவுக்குத் தலைவராக முனவ்வறா ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். ஐந்து பொறுப்பாளர்களும் உறுப்பினர்கள். மரைக்கார்மாருக்கு வாக்கு இல்லை. கிணறு இறைப்பதற்கு ஆள் கொடுப்பது எங்கள் கடமை என்று தீர்மானம். எனக்கு எழுத்து வேலை தரப்பட்டது. எழுதியதை அனுப்புமுன் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இம்மனு இரண்டு தடவை வாசித்துக் காட்டப்பட்டது. முதல் தடவை என்னைப் பற்றி நான் எழுதியிருந்த சில நல்ல வார்த்தைகள் நீக்கப்பட்டன.

13. ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது: இடமாற்றக் கட்டளையை நிறுத்துங்கள். அவருடைய பதிவுக் கோவையில் எனது மனு தொடர்பாக எழுதப்பட்டுள்ள குறிப்புகளை அடித்துவிடுங்கள். குடிக்கு ஒரு பெண் பொறுப்பு என்ற ஒழுங்கைத் தங்கள் திணைக்களம் அங்கீகரித்து, மருந்துத் தூளைப் பொறுப்பாளர்களிடம் நேரடியாகக் கையளிக்க ஆவன செய்யுங்கள். யாருக்காவது தண்டனை கொடுத்தே ஆகவேண்டுமென்றால் என் விலாசம் மேலே இருக்கிறது.

இம்மனுவை எழுதும்படி முனவ்வறா கேட்கவில்லை. அவர் பெட்டியைக் கட்டிவிட்டு, இப்போது ஊரிலுள்ள, மாதம் நெருங்கிய ஒன்பது கர்ப்பிணிகளின் விபரத்தையும், இன்னும் நியமிக்கப்படாத பதிலாளுக்காக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்.

14. இறுதியாக ஒன்று. இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம், தகவலுக்காகவே தெரிவிக்கிறேன். ஜூன் முதலாந் திகதி செவ்வாய்க்கிழமை, கிளினிக் நாள். அன்று முனவ்வறா எங்கே கடமைக்கு அனுப்பப்படுகிறாரோ, அங்கே அந்த ஒன்பது கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளோடு மற்றத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போவதெனப் பொறுப்பாளர்கள் தீர்மானித்துள்ளார்கள். வழியில் தங்கள் பணிமனையில் இறங்கி, கட்டளையில் ஒப்பமிட்டவரைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். ஏறக்குறைய நூற்றிருபது என்றார்கள். பாயும் சோறும் அவர்களே கொண்டுவருவார்கள். அவர்களைத் தடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. முயன்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் ஐயா, அது எவருக்கும் இல்லை.

தங்கள் நல்ல தீர்ப்பை முதலாந் திகதிக்கு முன்னர் எதிர்பார்த்திருக்கும்,

ஐந்து குடிகளின் சுகாதாரப் பொறுப்பாளர்கள்
(மூன்று கையொப்பங்கள், இரண்டு பெருவிரல் அடையாளங்கள்)

அவர்கள் சொல்ல எழுதியவர்,
ஏ.எல். ஆதம்பாவா

இடம்: நஸீறாவின் வளவு, நாவலடிக்கண்டம்
திகதி: 1982.05.15