கண் திறக்காத அம்மன்

மாசி 12, வெள்ளி

காலையிலேயே சுட்டெரிக்கிற வெயில். தீப்பெட்டிக்காரர்களுக்குக் குச்சி நன்றாகக் காயும். நமக்குக் கிணற்றில் கயிறு முழுக்க விட்டாலும் அரை வாளிதான். மகள் சரசுவுக்கு இருமல். சுக்கு, மிளகு, கருப்பட்டி. இரண்டணாச் சுக்குக்குப் பதிமூன்று நயா பைசா கேட்டார்கள். பன்னிரண்டுதான் என்று நின்று வாங்கினேன்.

ஊர்க்காரர் வரைந்த படங்களை மாட்டுகிற சித்திர மன்றம் திறந்து இந்த மாசியோடு ஒரு வருஷம். இன்று இப்படி ஒரு நாள் வந்திருக்க வேண்டாம்.

பெண்கள் நாள். மத்தியானம் சாவி எடுத்துப் போய் மாடியைத் திறந்தேன். நல்ல கூட்டம். காசு இல்லாமல் பார்க்கலாம் என்றதும் கைப்பிள்ளைகளோடு வந்துவிடுகிறார்கள், அதுவும் சந்தோஷம்தான். கொழுந்தன் வேலு வரைந்த முருகன் முன்னால் வழக்கம்போல நெரிசல். நாரணாபுரத்துச் செல்லத்தாயியும் வந்திருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் பொட்டலம் ஒட்டுகிறவள். மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது என்று படி ஏறும்போதே சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. முந்தானை முடிச்சிலிருந்து கற்பூரம் எடுத்துத் தரைப் பலகையிலேயே வைத்து ஏற்றிவிட்டாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கீழே பேப்பர் முதலாளியின் குடோன். மச்சு முட்டக் காகிதக் கட்டு.

சேலைத் தலைப்பைச் சுருட்டி அமுக்கினேன். தலைப்பில் ஓட்டை. பலகையில் கருப்பு வட்டம். 

"கம்பெனிக்குள்ளே தீக்குச்சி கொண்டு போவியா தாயி?"

"நல்லாருக்கே. அன்னைக்கே வேலையை விட்டு நிப்பாட்டிருவாகல்லா."

"அப்ப இங்கன மட்டும்?"

"அங்கன இருக்கது வெடிமருந்து அக்கா. இங்கன இருக்கது சாமி. சாமி தன் வீட்டைத் தானே கொளுத்திக்கிடுமா?"

ஈரத் துணியால் பலகையைத் தேய்த்தேன். கருப்பு வட்டம் போகவில்லை.

மாசி 13, சனி

முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அவர் கடையில்தான் கணக்குப்பிள்ளை. அந்த மாடியை வாடகை இல்லாமல் மன்றத்துக்குக் கேட்டு வாங்கியதும் இவர்தான். மோர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தாயி, நான் சாமி இல்லாதவன் இல்லே. வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கவன். ஆனா சட்டியைக் குடோனுக்குள்ளேயா எடுக்கேன்?"

நியாயம்தான். மன்றத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் அவர் ஆள் வந்து திறந்துவிடுவான். இனி ஒரு கற்பூர வில்லை எரிந்தால் அன்றோடு மாடிக்குப் பூட்டு. வருகிற வெள்ளி வரைக்கும் பார்ப்பாராம். போகும்போது ஒரே மூச்சில் மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

சாவி கட்டியிருந்த முந்தானை லேசாக இருந்தது. நாள் முழுக்க அந்த முடிச்சைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வேலு திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து சைக்கிளில் வந்தார். சமாசாரம் கேட்டுவிட்டு முழங்காலில் தாடையை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிரஸ்ஸில் காலண்டருக்கும் லேபிளுக்கும் வரைந்து வரைந்து கொடுக்கிறார். அடியில் கம்பெனி பெயர் உண்டு, வரைந்தவர் பெயர் கிடையாது. மன்றத்தில் மட்டும்தான் படத்துக்குக் கீழே 'வேலுச்சாமி' என்று ஒரு சீட்டு.

"பூட்டினாப் பூட்டட்டும் மதினி" என்றார்.

"என்ன இப்படிச் சொல்லுதீக?"

"பின்னே என்ன? ஒரு வருசமா அங்கன வாராகளே, ஒருத்தராவது என் படத்தைப் பாத்திருக்காகளா? முன்னாடி வந்து நின்ன உடனே கண்ணை மூடிக்கிடுதாக."

சிரிக்கத்தான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். உண்மைதான். நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன்.

மாசி 15, திங்கள்

சோமவாரம். ஒருபொழுது. நேற்று ஊறப்போட்ட உளுந்து அதிகம், பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம்.

மன்றத்து ஆட்கள் நம் வீட்டில் கூடினார்கள். காப்பி ஐந்து பேருக்கு. நான் அடுப்படியில். பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"பெரிய போர்டு எழுதி மாட்டுவோம். கற்பூரம் ஏத்தக் கூடாதுன்னு."

"வாரதுலே எம்புட்டுப் பேருவே படிப்பாக?"

"படத்தைச் சுத்திக் கயிறு கட்டுவோம்."

"கயிறு கட்டினா மூலஸ்தானம்னு நெனச்சு இன்னும் ரெண்டு வில்லை சேத்து ஏத்துவாக."

கடைசியில் ஒருவர் சொன்னார்: "வம்பே வேண்டாம். பொம்பளையாள் வாரதை நிறுத்திருவோம். சோலி முடிஞ்சுது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நம் வீட்டுக்காரரும்தான். 'வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பார்ப்போம்' என்றார், அவ்வளவே.

தம்ளர்களைக் கழுவும்போது ஒன்றைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தது தீப்பெட்டி லேபிளில். மயில், வாத்து, ரோஜாப்பூ. படத்தைப் பார்த்து எழுத்தை ஊகித்தேன். அந்த மயிலை வரைந்த கை ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்ததே மன்றம் வந்த பிறகுதான். முதல் நாள் அந்த மாடியில் ஆள் உயரத்துக்கு மயிலைப் பார்த்தபோது காலை எடுத்து வைக்க முடியவில்லை. கோயில், கிணறு, கடைத்தெரு, இதைத் தவிர எனக்குப் போக ஓர் இடம் என்றால் அதுதான். நாரணாபுரத்திலிருந்து வெயிலில் நடந்து வருகிற செல்லத்தாயிக்கும் அதேதான். அதை 'சோலி முடிஞ்சுது' என்கிறார்கள்.

முருகா, உனக்குக் கற்பூரம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மாசி 16, செவ்வாய்

அனல் காற்று. சரசு இருமல் தேவலை.

மன்றத்து வாசலில் எவர்சில்வர் தட்டோடு நின்றேன். கற்பூரம், தீப்பெட்டி இருந்தால் இதில் வைத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது தருகிறேன் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். ஒருத்தி, "கோயில்லே கூட மடியை அவுத்துக் காட்டச் சொல்ல மாட்டாக" என்று படியிலேயே திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டு நிரம்பியது. எல்லாரும் கொடுத்தார்களா, தெரியாது. அங்கும் இங்கும் நடந்தேன். முருகன் முன்னால் வந்த ஒவ்வொரு கையையும் பார்த்தேன். என் பாவம். கும்பிடுகிற கையைத் திருடன் கையைப் பார்ப்பதுபோல.

ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் நிற்க என்னால் ஆகாது.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். மூலையில் வேலு புதிதாக வரைகிற மாரியம்மன், வர்ணம் காயட்டும் என்று கொண்டுவந்து சாய்த்து வைத்தது. சேலை, கிரீடம், வேப்பிலை, எல்லாம் ஆகிவிட்டது. கண் மட்டும் எழுதவில்லை. அதன் முன்னாலும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தரும் கை கூப்பவில்லை. கன்னத்தில் போடவில்லை. ஒரு கிழவி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் கண்ணு தொறக்கலை. ஆத்தா வரலை" என்றாள். பிறகு எல்லாரும் சேர்ந்து அம்மன் சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அது புள்ளிச் சுங்குடியா, பட்டா என்று ஒரே சண்டை.

வெகுநேரம் நின்று பார்த்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டு.

மாசி 17, புதன்

காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்வது. வெள்ளை.

சாப்பிட வந்த வேலுவிடம் சொன்னேன். கண் எழுதிய சாமிப் படங்களை எல்லாம் இறக்கிவிடுவது. கண் திறக்காத படங்களை மட்டும் மாட்டுவது.

"எழுதின கண்ணை அழிக்கச் சொல்லுதீகளா?"

"சிவ சிவா. அதை யாரு சொன்னா. திறந்த கண்ணு திறந்ததுதான். அந்தப் படங்க வீடுகளுக்குப் போகட்டும். மத்தப் படங்களுக்குப் பொட்டல் வெளியிலே கண்ணு திறந்துக்கிடுவோம். திறக்குற வரைக்கும் மன்றத்துலே இருக்கட்டும்."

முதலில் சிரித்தார். பிறகு முகம் சுண்டிவிட்டது. "பாதிப் படத்தை மாட்டியிருக்கான்னு பிரஸ்காரனுக சிரிப்பானுக மதினி."

"செவ்வாய்க்கிழமை உங்க அம்மன் முன்னாடி ரெண்டு பொம்பளைக சேலைக்காகச் சண்டை போட்டாக. சுங்குடிதான்னு ஒருத்தி அடிச்சுச் சொல்லுதா."

"சுங்குடிதான்" என்றார் உடனே. "புள்ளி தெரிஞ்சுதா அவுகளுக்கு?"

"தெரிஞ்சுது."

 தோசை இன்னும் ஒன்று கேட்டார். மற்ற டிராயிங்காரர்களிடமும் கண் பாக்கி வைத்த படம் இருக்கும், கேட்டு வாங்குகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். எல்லாரும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள். நல்லதாகப் போயிற்று.

மாசி 18, வியாழன்

முதலாளி ஆளைத் திறக்கச் சொல்லிப் படங்கள் மாற்றினோம். முருகன் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். மண் தரை, அடுப்படிக்குப் பக்கத்துச் சுவர். அவருக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினால் யாருக்கும் பயமில்லை.

மன்றத்தில் இப்போது: மாரியம்மன், ஒரு பிள்ளையார், ஒரு லட்சுமி, எதற்கும் கண் இல்லை. சாமி அல்லாத படங்கள் பழையபடி. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக் கல் உடைக்கிற படம் ஒன்று நல்ல வெளிச்சத்துக்கு நகர்ந்திருக்கிறது. பாவம், அது இருப்பதே இத்தனை நாள் யாருக்கும் தெரியாது.

முதலாளி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். வீட்டுக்காரர் சொன்னார். 'நாளைக்கு நானே வாரேன்' என்றாராம்.

சீயக்காய் அரைத்தது. நாளையை நினைத்தால் பயம்தான்.

மாசி 19, வெள்ளி

முதலாளி படிக்கட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தட்டு எடுத்துப் போகவில்லை. இதுவும் பூக்கட்டிப் பார்த்ததுபோலத்தான் என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் வந்தது. சிலருக்கு ஏமாற்றம். "முருகன் எங்கே?" "வீட்டுக்குப் போயிருக்காரு." "ஏன், அவருக்கும் மத்தியானத் தூக்கமா?" சிரிப்பு. கண் இல்லாத பிள்ளையாரைப் பார்த்து ஒரு சின்னப் பெண் சிணுங்கினாள், தாய் தூக்கிக்கொண்டாள். யாரும் கற்பூரம் எடுக்கவில்லை.

கடைசியில் செல்லத்தாயி. நெற்றி நிறையத் திருநீறு. ஏறும்போதே அழுகையும் சிரிப்பும். புதன்கிழமை மகளுக்குப் பிரசவம், ஆண் பிள்ளை, இரண்டு உயிரும் சுகம். மூச்சு வாங்க மாரியம்மன் முன்னால் போய் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் வெள்ளையாக நாலைந்து வில்லை. மறு கையில் தீப்பெட்டி.

 முதலாளி மேலே ஏறி வந்து என் பின்னால் நிற்பது தெரிந்தது. 

செல்லத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாள். தீப்பெட்டியை இடுப்பில் செருகினாள்.

"இன்னும் தொறக்கலையாக்கா?"

"இல்லே தாயி."

"அப்ப வீணா ஏத்தக் கூடாதுல்லா." கற்பூரத்தை மறுபடி முடிந்துகொண்டாள். போகவில்லை. கீழே உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆத்தா கையைப் பாத்தீகளா? பெருவிரல் ஓரம் தேஞ்சு இருக்கு. நம்ம மாதிரி பொட்டலம் ஒட்டுன கை. யாரு வரைஞ்சது இதை?" என்றாள்.

சீட்டைக் காட்டினேன். வேலுச்சாமி என்று படித்துச் சொன்னேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். குனிந்து அவரும் அந்த விரலைப் பார்த்தார். அப்படியே இறங்கிப் போனார்.

இத்தனை நாளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். பழைய சோறும் மிச்சக் குழம்பு வற்றவைத்த சுண்டக்கறியும்தான். அமிர்தம்.

மாசி 20, சனி

லேசான மேகம். மழை வராது, ஆனாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

வீட்டுக்காரர் கடையிலிருந்து வரும்போது சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். முதலாளி கொடுத்தனுப்பினாராம். கண் திறக்கிற அன்றைக்கு முதல் தேங்காய் நான்தான் உடைப்பேன், குடோன் பக்கம் வேண்டாம், பொட்டலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். பெண்கள் நாள் பழையபடி. பெண்கள் வருவதை நிறுத்தச் சொன்ன மன்றத்துக்காரர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லையாம். நானும் கேட்கவில்லை. முடிந்துவிட்டது, மாரியாத்தா, முடிந்துவிட்டது. முந்தானையில் முடிந்த சாவி நடக்கும்போதெல்லாம் இடுப்பில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

மத்தியானம் செல்லத்தாயி நம் வீட்டுக்கு வந்தாள். முருகன் இங்கே இருக்கிறார் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேரனுக்கு முருகன் பெயர்தானாம். கருப்பட்டி ஒரு சில்லு கொண்டுவந்தாள். வேலுவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மன் கையை வரைந்தவர் இவர்தான் என்று சொன்னேன்.

"யாரைப் பாத்து வரைஞ்சீக அந்தக் கையை?"

"எங்க அம்மா கை" என்றார். தன் பெருவிரலைத் தடவிக்கொண்டார்.

மண் தரையில் வாழையிலைத் துண்டு போட்டு எல்லா வில்லையையும் ஒன்றாக வைத்து ஏற்றினாள். முருகன் முகம் அப்படியே ஜொலித்தது. கண்ணில் வேலு வைத்த அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டு, நான் இத்தனை நாள் கவனிக்காதது, இப்போதுதான் தெரிந்தது. செல்லத்தாயி கை கூப்பினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வேலு என்னைப் பார்த்தார். "பாத்தீகளா மதினி" என்று உதடு மட்டும் அசைந்தது. சிரித்துக்கொண்டுதான்.

அடுப்பில் பால் பொங்குகிற வாசனை. எழுந்து போகிறேன்.