படத்தில் இல்லாத குழிகள்

ஹோஹன்பாக், 3 மார்ச் 1788

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். போன கோடையில் எங்கள் வீட்டில் தங்கி நீங்கள் அளந்துபோன மலையின் வரைபடம் சுரங்க அலுவலகத்துக்கு வந்துவிட்டது. மூலையில் உங்கள் பெயர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை லோரன்ஸுக்குத்தான் ஒரு குறை. உங்களோடு அளவுச் சங்கிலி பிடித்து நடந்து, கிழக்குச் சரிவில் பழங்காலத்தார் வெள்ளிக்காகத் தோண்டிவிட்டுப்போன குழிகளைக் காட்டியது அவர்தானே? படத்தில் ஒன்றுகூட இல்லை. "மச்சான் அந்தப் பக்கம் வர்றப்போ தூங்கிட்டாரோ?" என்று சிரிக்கிறார். ஆனால் இவரை வைத்துப் புதுச் சுரங்கம் அங்கேதான் வெட்டப்போகிறார்களாம். பழைய குழிகள் நிறையத் தண்ணீர்; தெரியாமல் இடித்தால் உள்ளே பாய்ந்துவிடும். உடனே எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

தங்கை,
ரெகினா

டிரெஸ்டன், 20 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

நான் மறக்கவில்லை அம்மா. பதினொரு குழிகளையும் வரைந்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குய்யா? சுரங்கத்துல பங்கு வாங்க வர்றவன் பார்த்தா ஓடிருவான்" என்றார். அழித்துவிட்டேன். அச்சும் ஆகிவிட்டது. இலையுதிர் காலத்தில் எனக்குப் பதவி உயர்வு. இப்போது வாய் திறக்க முடியாது. மாப்பிள்ளையைப் பார்த்து வெட்டச் சொல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

அண்ணன்,
காஸ்பர்

டிரெஸ்டன், 2 ஜூன்

ரெகினா,

செய்தி கேட்டு உடைந்துபோனேன். குழந்தைகளோடு இங்கே வந்துவிடு. நான் இருக்கிறேன். மார்ச்சில் எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டாய் அல்லவா?

காஸ்பர்

ஹோஹன்பாக், 14 ஜூன்

காஸ்பர் அவர்களுக்கு,

அவரோடு போனவர்கள் ஆறு பேர். எட்டு நாள் தண்ணீர் இறைத்த பிறகுதான் உடல்கள் கிடைத்தன.

வெட்டத் தொடங்குமுன் அவர் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். "அளந்தவரைவிட உனக்குத் தெரியுமா? படத்துல குழியைக் காட்டு, பார்ப்போம்" என்றானாம். வீட்டுக்கு வந்து, "நான் பொய் சொல்றேனாம் ரெகினா" என்றார். உங்கள் கடிதம் என் பெட்டியில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஒருவரும் இறங்கியிருக்கமாட்டார்கள். உங்கள் பதவி போய்விடுமே என்று, பேசாமல் அவருக்கு சூப் ஊற்றினேன்.

நேற்று அந்த ஆறு பேரின் மனைவிமாரைக் கூட்டிக் கடிதத்தை உரக்கப் படித்தேன். நான் மறைத்ததையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தாள். நான் வெளியே வந்தேன்.

கடிதம் இப்போது அவர்களிடம் இருக்கிறது. என்ன செய்வார்களோ, நான் கேட்கவில்லை. நீங்கள் இங்கே வராதீர்கள். நானும் அங்கே வரமாட்டேன்.

லோரன்ஸின் மனைவி,
ரெகினா