ஹில்டாம்மா இரண்டு தரம் கூப்பிட்ட சாயங்காலம்

என் ரஞ்சிதத்துக்கு,

உன்னை அடக்கம் பண்ணி இன்றோடு முப்பத்தெட்டு நாள். நாளை மறுநாள் உன் நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஆரம்பாக்கம் சனம் எல்லாம் வரும். "ரெண்டு வார்த்தை நீங்க பேசணும் பெரியவரே" என்றார் போதகர். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தால் தானே வாசிப்பதாகவும், சபைப் பத்திரிகையிலும் போடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஏது எழுத்து? நான் சொல்லச் சொல்ல நம்ம லில்லி எழுதுகிறாள். நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அது நம்ம பெண்ணின் கை வழியாகத்தான் வர வேண்டும் என்று கர்த்தர் வைத்திருக்கிறார் போல.

முதலில் வீட்டுச் சேதி. உன் செவலை ஆடு ரெண்டு குட்டி போட்டது, ரெண்டும் கடா. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுசாக வந்திருக்கிற இரும்பாலைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சீமையில் இரும்பு காய்ச்சினவன் வந்து பையன்களுக்குக் காட்டித் தரவேண்டுமாம். கை நடுங்குகிறது, போகவில்லை. காலை ரயிலில் டிபன் கேரியரோடு ஆட்கள் ஏறுவதைப் பார்க்கும்போது அந்த ஊரில் நான் ஷிஃப்டுக்குப் போனது ஞாபகம் வருகிறது.

துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி தள்ளப் போன நான், இங்கிலாந்தில் இறங்கி ஒரு இரும்பாலையில் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்து நீ லில்லியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். தெருவைப் பார்த்ததும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா மாமா, எல்லாம் ஒரே ஊடா கீது! நம்ம ஊட்ட எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

"கதவுல நம்பர் போட்டுக்கீது."

"நம்பர் படிக்கத் தெரிஞ்சவன் சொல்றான் பாரு!"

நீ பழைய சேலையில் ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்துக் கதவுப் பிடியில் கட்டினாய். மறுநாள் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கதவிலும் ஒரு சிவப்புத் துணி. ஏதோ இந்தியப் பண்டிகை என்று நினைத்து, உனக்குத் துணையாக ஹில்டாம்மாவும் கட்டியிருந்தாள். நான் வேலை முடிந்து வந்து அவள் வீட்டுக்குள் போய் நின்றேன். நீங்கள் ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு!

ஹில்டாம்மா தனிக்கட்டை. எழுபதுக்கு மேல் இருக்கும். உனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு உன் பாஷை தெரியாது. பின்கட்டில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் நடுவில். நீ மீன்குழம்பு கொடுப்பாய், அவள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடியத் தின்றுவிட்டு மறுபடி கிண்ணத்தை நீட்டுவாள். உன் பேரில் பாதிதான் அவள் வாயில் வரும். "ரஞ்சி!" என்று அவள் கூப்பிட்டால் நீ அடுப்பை விட்டுவிட்டு ஓடுவாய். உன்னை அப்படிக் கூப்பிட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்தக் குளிரை இங்கே இருக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்ல? நீ கொடியில் போட்ட சேலை பலகை மாதிரி விறைத்துவிடும். அதைத் தூக்கி வந்து உள்ளே சுவரில் சாய்த்தால் ஒரு பொம்பளை நிற்கிற மாதிரியே நிற்கும். கணப்புச் சூடு பட்டதும் இடுப்பு மடங்கி, முட்டி மடங்கி, மெதுவாகத் தரையில் உட்காரும். லில்லி வீறிட்டு அழுவாள்.

மார்கழியில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நீ விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவாய். அதோடு உனக்கு ஆரம்பாக்கத்துக் கணக்கு வந்துவிடும். விளக்கு வைத்த பிறகு வெளியிலிருந்து யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது. "காட்டேரி தெரிஞ்ச கொரல்லதான் கூப்புடும் மாமா. ரெண்டே தரந்தான் கூப்புடும். யாரக் கூப்புடுதோ அவங்களுக்குத்தான் கேக்கும். கூட கீறவங்களுக்குக் கேட்டுச்சின்னா அது மனுசக் கொரலு, பயமில்ல."

"ஞானஸ்நானம் வாங்கினவ பேசுற பேச்சா இது?"

"ஏசு உள்ள நம்மகூட கீறாரு. காட்டேரி வெளிய கீது. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அதனால்தான் அப்படி யாராவது கூப்பிட்டால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். "கேட்டுச்சா?" நான் தலையாட்டினால் போவாய். ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் நடந்தது.

அந்தச் சாயங்காலம் தெருவில் பனிமூட்டம். லில்லி பள்ளிக்கூடத்தில் நாடக ஒத்திகைக்கு நின்றுவிட்டாள். எனக்கு ராத்திரி ஷிஃப்ட், கணப்புப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

"ரஞ்சி!"

நீ நிமிர்ந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் "ரஞ்சி..." இந்தத் தரம் குரல் தரையிலிருந்து வந்தது. நிற்கிற ஆளின் குரல் அப்படி இருக்காது.

"மாமா, கேட்டுச்சா?"

"இல்லியே" என்றேன்.

ரஞ்சிதம், எனக்குக் கேட்டது. ரெண்டு தரமும் கேட்டது. கரி வாளியைத் தூக்கித் தரக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கேட்டது என்று சொன்னால் நீ என்னையும் எழுப்புவாய், இந்த வெதுவெதுப்பை விட்டு எழுந்து பனியில் போகவேண்டும். ஒரு மணி நேரத் தூக்கத்துக்காக இல்லியே என்றேன். நீ "ஏசுவே" என்றுவிட்டு மறுபடி அரிசியில் குனிந்தாய். ஆனால் கல் பொறுக்கவில்லை. மூன்றாவது தரம் கூப்பிடுவாள் என்று கையை முறத்தில் வைத்தபடியே காத்திருந்தாய். அதை நான் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

காலையில் பால்காரன் போட்ட சத்தத்தில்தான் தெரு கூடியது. ஹில்டாம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, அங்கேயே விறைத்துக் கிடந்தாள். ஒரு கை நம்ம சுவர்ப் பக்கம் நீண்டிருந்தது.

போலீஸ்காரன் வந்தபோது நமக்காகப் பேசியது லில்லிதான். ஏழு வயசு. நீ அழுதுகொண்டே சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னாள்: அம்மாவுக்கு ரெண்டு தரம் கேட்டது, அம்மா போகவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். பிள்ளை வாயால் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது? எடுக்கத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து லில்லி உன் கையில் சோறு வாங்கித் தின்ன ஒரு மாதம் ஆனது. வளர்ந்த பிறகும், சண்டை வந்தால் கடைசியில் அவள் எடுக்கிறது அதுதான். "நீ எழுந்து போயிருந்தா அவங்க பொழச்சிருப்பாங்க. உன் காட்டேரிதான் அவங்களக் கொன்னுச்சி." நீ குனிந்து என் தட்டில் குழம்பு ஊற்றுவாய். நானும் அங்கேதான் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பேன்.

ஊருக்கே திரும்பினால் எல்லாம் மறந்துவிடும் என்றுதான் வந்தோம். நம்ம வீடு ஊர்க்கோடி, பின்னால் வயல் தவிர ஒன்றுமில்லை. முதல் மழைக்காலத்தில், விளக்கு வைத்த நேரத்தில், அந்த வயலிலிருந்து "ரஞ்சி!" என்று கேட்டது. நாற்றுக்கு நடுவே, தரையோடு தரையாக. மறுபடி ஒரு தரம். இங்கே உன்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

"மாமா, கேட்டுச்சா?"

நான் எழுந்து பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். "இல்லியே."

எத்தனை வருஷம் அப்படிக் கேட்டாய்? நான் எத்தனை தரம் இல்லியே என்றேன்? ஊரில் உனக்குப் பேய் பிடித்ததாகப் பேசினார்கள். எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார்கள். கடம்பத்தூரில் ஒருத்தனிடம் கயிறு மந்திரித்துக் கட்டினோம். பட்டணத்து டாக்டர் கொடுத்த மாத்திரையில் உன் நாக்கு தடித்து, வாயில் எச்சில் ஒழுகியது. அதைத் துடைத்துவிட்டதும் நான்தான். துடைத்துக்கொண்டே, பின்னால் வயலில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டும் இருந்தேன். ஏன் சொல்லவில்லை? கேட்டது என்று சொன்னால், அன்றைக்கும் கேட்டதா என்று நீ கேட்பாய். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உன்னைப் பைத்தியமாக விட்டுவைத்தேன்.

கடைசி நாளன்று நீ என்னைக் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "பாவம், எத்தினி நாளு குளுருல கெடப்பாங்க. நானே போறேன்" என்றாய். அதற்குப் பிறகு வயலில் அந்தக் குரல் இல்லை.

லில்லியின் கை நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். "அம்மாவ நான் இன்னா இன்னா சொல்லிக்கீறேன் நைனா... எதிர்லயே உட்காந்துகினு இருந்தியே, ஒரு தரம் வாயத் தொறந்துருக்கக் கூடாதா?" என்றாள். இதையும் எழுதம்மா என்றேன். எழுதமாட்டேன் என்று எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அதையும் எழுதிவிட்டு, "இது வெளிய வாசிக்கிறதுக்கா?" என்றாள். ஆமாம், ஒரு வரி விடாமல். உன்னைப் பேய் பிடித்தவள் என்று சொன்ன அத்தனை பேரும் கேட்கட்டும். பேய் பிடித்திருந்தால் அது என் நாக்கைப் பிடித்திருந்தது.

இவ்வளவும் எழுதி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லில்லி விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததையும், நடந்தது நடந்தபடி, நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

வயலிலிருந்து ஒரு குரல் வந்தது. "லில்லி..." உன் குரல், ரஞ்சிதம். வெற்றிலை போட்ட வாயோடு கூப்பிடுவாயே, அதே இழுப்பு.

லில்லி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். உன் கண் அப்படியே அவளுக்கு. "நைனா... உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.

அவள் அழுதாள். பிறகு ரெண்டு பேரும் பின்கதவைத் திறந்துகொண்டு வரப்பு வரைக்கும் போய் நின்றோம். தண்ணீர் நின்ற வயல், தூரத்தில் ஆலை வெளிச்சம். ஆள் யாரும் இல்லை. ஆனாலும் "இன்னாம்மா" என்று லில்லி சத்தமாகக் கேட்டாள். நானும் குரல் கொடுத்தேன்.

இனி எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே எழுந்து போவேன். நீ கூப்பிட்டாலும்தான். வரப்பில் வழுக்கினால் வழுக்கட்டும். ஹில்டாம்மாவைப் பார்த்தால், அந்த மனுஷனுக்குக் கேட்டதாம் என்று நீயே சொல்லிவிடு.

உன் கழுத்தில் தாலி கட்டினவன், உன் அத்தை பெற்ற பிள்ளை,
ஏசடியான்

எழுதினவள், உன் மகள் லில்லி