தரையில் ஒட்டும் கால்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மழை. தகரத்தில் ஒழுக்கு, கீழே குண்டான். எழுத்துச் சொல்லித்தரும் சர்ச் டீச்சர் வந்துபோனார். கடைசியாக 'ஞ'வும் பிடிபட்டது! மனைவி பெயரை எழுதிக் காட்டினேன். ஞானம். "எழுத்துக்கு வயிறு பெருசா இருக்கு" என்றாள்.

கால் இன்றும் வாசற்படியருகே ஒட்டிக்கொண்டது. கோந்து மாதிரி. போ என்றால் போகாது. மகன் செல்வின் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்துப் போனான். கக்கூஸ் சந்துக்கோடியில், எல்லோருக்கும் பொது. நான் விழுந்துவிடுவேனாம், கதவைப் பாதி திறந்து வைத்து முதுகு காட்டி நிற்பான். "முடிஞ்சுதாப்பா?" வரிசை முழுக்கக் கேட்கும்.

ஞானம்: "பரணுக்கு ஏணியில குரங்கு மாதிரி ஏறுதிய. சமதரையில மட்டும் காலு வராதோ?"

நிஜம்தான். ஏணி ஏற முடிகிறது. ஏன்? ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தாச்சு. மூளையில் ஏதோ. பேர் தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்
மெதுவாக எழுதுகிறேன்.

சந்தில் கறுப்புத் தண்ணீர். எதிர்வீட்டு டெய்லர் பால்ராஜ், எல்லோரும் கால் வைத்துப் போகச் செங்கல் போட்டிருந்தான், எங்கள் வாசலிலிருந்து முனை வரை. செல்வின் போய்விட்டான். எனக்கோ அவசரம். ஒரு கல்லில் கால் வைத்தேன். அடுத்தது. ஒட்டவில்லை! கல், கல், கல். முனைக்கு வந்துவிட்டேன். யார் கால் இது?

பால்ராஜ் மெஷினை நிறுத்தி, "ஏல, பெருசு பறக்குதுல!"

திரும்பினால் வாசலில் ஞானம். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "இத்தன நாளும் எம்புள்ளைய அலைய விட்டியளே! எல்லாம் நடிப்பா?"

பதில் சொல்ல ஒரு எட்டு வைத்தேன். செங்கல் முடிந்த இடம், வெறும் சிமெண்ட். ஒட்டிக்கொண்டது. அதையும் நடிப்பு என்றாள். பால்ராஜ்தான் கொண்டுவந்து விட்டான்.

சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்
ஆஸ். போனோம். (ஆஸ். = ஆஸ்பத்திரி. முழுசாக எழுதக் கை வலி.)

ஞானம் முந்திக்கொண்டாள்: "கல்லு மேல ஓடுதாரு, வீட்டுக்குள்ள நடக்க மாட்டேங்காரு. கேளுங்க." செல்வின் ஹிந்தியில் சொன்னான். டாக்டர், சின்ன வயசு மராட்டிப் பெண், சிரிக்கவில்லை. வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து வராந்தா தரையில் குறுக்குக் குறுக்காக ஒட்டினார். "சலோ பாபா."

நடந்தேன்! பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாம் பார்க்க நடந்தேன்.

பிளாஸ்திரியை உரித்தார். "சலோ." ஒட்டிக்கொண்டது.

டாக்டர் சொன்னது, செல்வின் தமிழில்: சும்மா நடக்க மூளையில் ஒரு வழி, எதையாவது பார்த்துத் தாண்ட வேறு வழி. எனக்கு முதல் வழியில் அடைப்பு. நடிப்பு இல்லை. என்ன நோய்? "இன்னும் தெரியலையாம்பா. இன்னும் டெஸ்ட் இருக்காம்."

ஞானம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்ஸியில் கேட்டாள்:

"நான் திட்டுனத எழுதி வச்சியளா?"
"ஆமா."
"அடிச்சிருங்க."

அடிக்கவில்லை. கஷ்டப்பட்டு எழுதினது.

ஜூலை 17, வியாழன்
வெயில்! சந்து காய்ந்ததும் பால்ராஜ் செங்கல்லை எடுத்துவிட்டான். ஞானம் வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்தாள். என் எட்டுக்கு அளவெடுத்து, குனிந்து, சந்து முழுக்கக் கோடு. இடுப்பு வலிக்காரி. பிரஷைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

பால்ராஜ்: "என்னக்கா, ரோடு கிராஸிங்கா?"
"எங்க வீட்டு எருமை தாண்ட."

சிரித்தாள். என்னைப் பார்த்து.

காய வேண்டுமாம். "நாளைக்குத்தான். இன்னைக்கு மிதிச்சிய, தெரியும்."

ஜூலை 18, வெள்ளி
காலை. தூறல். யாரும் கூட வரக் கூடாது என்றேன். செல்வின் சட்டைப் பித்தானைப் போட்டபடி வாசலிலேயே நின்றான். ஞானம் உதடு அசைகிறது, ஜெபம்.

கோடு. கோடு. குழாயடியில் தண்ணீர் தேங்கிக் கோடு தெரியவில்லை. நின்றுவிட்டது கால். ஞானம் ஓடி வருவாள் என்று பார்த்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வரவில்லை. தண்ணீருக்கு அப்பால் அடுத்த கோட்டையே பார்த்தேன். கால் வந்தது.

வரிசையில் ஒருத்தன், "சாச்சா, பேட்டா கிதர்?" மகன் எங்கே என்று.

"வீட்டுல" என்றேன்.

என் முறை. உள்ளே போனேன். கதவை முழுசாகச் சாத்தினேன். தாழ் போட்டேன்.

வெளியே யாரோ தட்டினார்கள். "ஜல்தி, ஜல்தி!"

தட்டட்டும்.