நீ எனக்காகப் பேசியது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இந்த ஒரு வரியில் மட்டும் கோபம் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கத்த ஆரம்பித்ததும் நீ அழுவாய், அப்பா ஓடி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் ஊரில் மழையா வெயிலா என்று கேட்பார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

நேற்று தீர்ப்பாயத்தில் என் வழக்கு வந்தது. என்னை வேலையை விட்டு நீக்கியது தப்பு என்று போன தடவையே சொல்லிவிட்டார்கள், உனக்குத் தெரியும். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் மெஷினில் தடுப்புக் கம்பி உடைந்து ஒரு பெண்ணின் கை வெந்த பிறகும் ஓட்டு என்றார்கள், நான் நிறுத்தினேன், அதற்குத்தான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். திரும்பச் சேர்த்துக்கொள் என்று உத்தரவு வந்தும், வேறு ஆள் போட்டாகிவிட்டது, சேர்க்க மாட்டோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சரி, அப்படியானால் நஷ்டஈடு கொடு என்பதுதான் இப்போதைய கட்டம். அதை எப்படி மதிப்பிடுவார்கள் தெரியுமா? நீக்காமல் இருந்திருந்தால் இவள் இன்னும் எவ்வளவு காலம் அங்கே வேலை செய்திருப்பாள் என்று பார்ப்பார்கள். ஓய்வு வயது வரை என்று எங்கள் வக்கீலம்மா சொன்னார். காரணமில்லாமல் ஒரு நாள் லீவு போட்டவள் இல்லை நான், அதனால் தைரியமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எழுந்தார் எங்கள் மேலாளர், எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதால் வெந்நீர் என்று நாங்கள் பேர் வைத்திருக்கிறோமே, அந்த ஆள். நேற்று கொதிக்கவில்லை, சிரித்தார். இந்தம்மா எப்படியும் வருஷக் கடைசிக்குள்ள வேலைய விட்டிருப்பாங்க, அவங்க மகளே எனக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு முழங்கால் வலி, முடியல, எங்ககூடவே கூட்டிட்டு வந்துடப் போறோம், பார்த்து ஏதாவது குடுத்து முடிச்சுடுங்கன்னு கெஞ்சினாங்க என்றார். அடியே, உன்னை யார் அந்த ஆளிடம் பேசச் சொன்னது? முழங்கால் வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னது தைலம் தடவச் சொல்வாய் என்பதற்காக, எதிராளி கையில் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக அல்ல. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். தள்ளியவர்கள் அவர்கள், குழிக்கு மண்வெட்டி கொடுத்தது நீ. நல்லது நினைத்துத்தான் செய்தாள் என்று உன் அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார், அதனால் அவரிடமும் நான் பேசுவதில்லை.

அதோடு முடிந்ததா? விசாரிக்கும் அதிகாரி என் பக்கம் திரும்பி, மகள் கூப்பிட்டாப் போயிருப்பீங்களாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன், பெத்த பொண்ணோட இருக்கப் பிடிக்கலையா என்றார். வக்கீலம்மா என் முகத்தைப் பார்க்கிறார், வெந்நீர் பார்க்கிறார், வாசலில் நின்ற காவலாளி கூடப் பார்க்கிறார். பிடிக்கலைங்க என்று சொன்னேன். என் மகள் ஒரு தட்டைக் கழுவ விடமாட்டாள், நீ உட்காரும்மா என்பாள், வேலை போன பிறகு அங்கே போய் இருந்த மூன்று மாதமும் ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடுவே பொழுதைத் தள்ளினேன், சலவைப் பிரிவில் நான் ஒரு குரல் கொடுத்தால் மெஷின் நிற்கும், அதை விட்டுவிட்டு எதற்குப் போவேன் என்று கேட்டேன். குமாஸ்தா அத்தனையையும் தட்டச்சு செய்துகொண்டார். வெந்நீருக்குச் சிரிப்பு போய்விட்டது. முடிவை அடுத்த மாதம் சொல்வார்களாம். என் பேச்சை நம்பினால் ஓய்வு வயது வரைக்கும் கிடைக்கும், உன் பேச்சை நம்பினால் சில மாதச் சம்பளம்.

நான் சொன்னது பொய் இல்லை, பணத்துக்காகச் சொன்னதும் இல்லை. என்றைக்காவது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவிக்கொண்டே, உனக்கு வலிக்காமல் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்த பேச்சு அது. அதை அந்த ஆள் முன்னால் போட்டு உடைக்க வைத்துவிட்டாய். அவர்கள் நஷ்டஈட்டைக் குறைத்தால் போகட்டும், இதற்கு எனக்கு யார் ஈடு கொடுப்பார்கள்?

கோபம் அடங்கியதும் நானே கூப்பிடுகிறேன், அதுவரை அப்பாவிடம் பேசு. பேத்திக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மூவரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் இருங்கள். இனி என்னைப் பற்றி யார் கேட்டாலும், அம்மாவையே கேளுங்கள் என்று மட்டும் சொல்.

இன்னும் வேலைக்குப் போகத் தெம்புள்ள
உன் அம்மா