அவர் இடத்துக்கு ஓர் ஆள்

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஆராதனையின் கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் என் வீட்டுக்காரர் ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தார். பாட நின்ற குவாயர் உட்கார்ந்துவிட்டது. போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார். ஆல்டோ வரிசையில் நான் மட்டும் நின்றபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, யாரும் பாடாத இன்னொரு சரணத்தை நிதானமாக வாசித்து முடித்தார். போதகர் தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் நின்றார், பாவம்.

வெளியே வந்ததும் ஆளாளுக்குப் பாராட்டு. "மாஸ்டர், இன்னிக்கு உருக வெச்சிட்டீங்க!" அவர் சிரித்தார், கை கொடுத்தார். அவர்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் சிரித்து வைக்கிறார்.

வீட்டில் மெல்ல ஆரம்பித்தேன். "ஏங்க, போதகர் கையைத் தூக்கினது தெரியலையா?"

"தெரியும். வேணும்னேதான் வாசிச்சேன்."

சரி. வேணும்னே.

ஜூன் 12, புதன்

நான் வேலை பார்க்கும் லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே இருந்த எனக்குத் திரை தெரிந்தது. சத்தம் போகிறது, போகிறது, அவர் கை மடியிலேயே கிடக்கிறது. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முகத்தை அத்தனை கவனமாக வைத்திருந்தார். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

காதில் மாட்ட மெஷின் கொடுத்தார்கள். பேச்சு ஓரளவு கேட்கிறது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீபோர்டிடம் போனார். ஒரு கை வைத்தார். எடுத்துவிட்டார். மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு. சுதியே இல்ல."

நான் துணி மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 17, திங்கள்

விலகிவிட்டார். மணிக்கட்டு வலி என்று போதகரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்காக வலது கையில் ஒரு கட்டு வேறு. அசல் சப்பைக்கட்டு.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது," என்றார். "காது போச்சுன்னு தெரிஞ்சா, இத்தனை நாளும் கேக்காமத்தான் வாசிச்சான்னு சொல்லிடுவாங்க."

சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். சொல்லுவாங்களோ?

ஜூன் 30, ஞாயிறு

புது மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். போதகர், பள்ளி முதல்வரம்மா, எங்கள் குவாயரின் மைக் அண்ணன். அண்ணன் நடத்துவது பெயிண்ட் கடை. ஆனால் அறிவிப்பு வாசிக்க மைக் கையில் வந்துவிட்டால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். நாலாவது ஆள் நான்! "நீங்க இருந்தா மாஸ்டர் அபிப்பிராயமும் கிடைச்ச மாதிரி இருக்கும்," என்கிறார் போதகர்.

என் புருஷன் இடத்துக்கு நானே ஆள் பிடிக்கணுமாம். முடியாது என்று சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். இவரோ, "போ, நீ இருக்கிறது நல்லது" என்று உடனே சொன்னார். இவ்வளவு சுலபமாக இவர் எதற்கும் தலையாட்டியதில்லை.

ஜூலை 13, சனி

நேர்காணல். மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் ஓர் இளைஞன். புது ஷூ, காலைக் கடித்திருக்க வேண்டும், சாய்ந்து சாய்ந்து நடந்தான். லேப்டாப்பைத் திறந்து ஒரு பொத்தானைத் தட்டினான். வயலின், டிரம்ஸ், பின்னால் நூறு பேர் பாடுகிற மாதிரி ஒரு முழக்கம். மைக் அண்ணன் அசந்துவிட்டார். "தம்பி, குவாயருக்கு ஆள் வராட்டியும் கவலை இல்ல போல!" "ஆமா அங்கிள், ஒருத்தருமே வராட்டியும் ஓடும்," என்றான் பெருமையாக. நல்ல பிள்ளைதான். கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னான்.

இரண்டாவது ஆள் பெரிய சபைகளில் இருந்தவர். குவாயரை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டோம். "குரல் இல்லாதவங்களை முதல்ல கழிக்கணும்." போதகர் தண்ணீர் குடித்தார். முதல்வரம்மாவுக்கு மட்டும் பிடித்துப் போனது.

மூன்றாவது ஒரு பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள். மழையில் நனைந்து வந்து வாசல் மிதியடியில் நின்றுகொண்டே, "தரை ஈரமாயிடும், பரவாயில்லையா?" என்றாள். ஹோட்டல் ஒன்றில், சாப்பிட வருகிறவர்களுக்குப் பியானோ வாசிக்கிறாளாம். "யாரும் கேக்க மாட்டாங்க. சாப்பிடுவாங்க. கரண்டி சத்தத்துக்கு நடுவுல வாசிச்சுப் பழகிட்டேன்."

ஆர்கனில் உட்கார்ந்தாள். ஒரு சரணம் வாசித்துவிட்டு நிறுத்தி, "நீங்க பாடாம நான் என்ன வாசிக்கிறது? பாடுங்களேன்," என்றாள். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நேர்காணலுக்கு வந்தது அவளா நாங்களா? பாடினோம். போதகர் மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் நின்று மூச்சு வாங்கினாள். அவர் தொடங்கிய பிறகுதான் விரல் இறங்கியது.

அப்புறம் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி இருந்த மாஸ்டர் ஏன் விட்டாங்க?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "கை வலி," என்றேன்.

அவள் ஆர்கனைப் பார்த்தாள். பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி, வாசிப்பவரின் இடது காதை ஒட்டினாற்போல் திருப்பி வைத்தபடி. சத்தம் கூட்டும் குமிழ் கடைசி வரை திருகியபடி. இத்தனை மாதமும் அதை ஒருத்தர் கண்ணும் பார்க்கவில்லை. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "அப்படியா, சீக்கிரம் சரியாகட்டும்," என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு பெண், எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, நனைந்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

சாப்பிடும்போது எல்லாவற்றையும் எதிரே உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஸ்பீக்கர் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அந்த லேப்டாப் பையனைப் போடு," என்றார்.

"ஏங்க, அவனுக்கு ஆளே வேணாம்கிறான்."

"அதனாலதான். ஒரு மாசம் தாங்குமா? அப்புறம் மாஸ்டர் மாஸ்டர்னு என்னைத் தேடிக்கிட்டு வருவாங்க."

வந்தால் என்ன செய்வார்? எப்படி வாசிப்பார்? அவருக்கும் தெரியும், முடியாதென்று. தேடி வந்தால் போதும். வாசிக்கக்கூட வேண்டாம்.

இப்படி ஆசைப்படுவது தப்பா? எனக்குத் தப்பு என்று சொல்ல வரவில்லை.

ஜூலை 18, வியாழன்

குழு கூடியது. மைக் அண்ணன் பையன் பக்கம். முதல்வரம்மா அந்தப் பெரிய ஆள் பக்கம். "ஹோட்டல்ல குடிக்கிறவங்களுக்கு வாசிக்கிற பொண்ணை ஆராதனையில உட்கார வைக்கிறதா?" என்றார் அண்ணன். போதகர் சிரித்தார். "உங்க பெயிண்ட் அடிச்ச கடையெல்லாம் பரிசுத்த ஸ்தலமாண்ணே?"

என்னைக் கேட்டார்கள்.

பையன் பெயரைச் சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். இவருக்காக. ஒரு வார்த்தை, முடிந்தது. வாயில் வந்தது வேறு. "அந்தப் பொண்ணு நாம பாடுறதைக் கேட்டுச்சு. மத்த ரெண்டு பேரும் கேக்கலை."

யாருக்குத் துரோகம் பண்ணினேன்?

ஆளைக் கழிக்கிறவர் வேண்டாம் என்று போதகர் சொல்லிவிட, பையனுக்கும் அவளுக்கும் ஒவ்வொரு நாள் குவாயர் பயிற்சியை நடத்தக் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவானது.

ஜூலை 19, வெள்ளி

சொன்னேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொண்டாட்டியே எனக்கு எதிரா ஓட்டுப் போட்டாச்சு. நல்லா இருங்க!" நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எவ்வளவு வசதி பாரு. சண்டையை அப்படியே அணைச்சு வெச்சுடலாம். நான் மட்டும் யார்கிட்ட கத்துறது? சமையலறையில் நின்று கத்தினேன். நல்லாவே கத்தினேன். அவருக்குத்தான் கேக்காதே.

ஜூலை 27, சனி

பயிற்சிகள் முடிந்தன. பையனின் நாளில் நாங்கள் லேப்டாப்பைத் துரத்திக்கொண்டு ஓடினோம். அவன் வியர்த்துப்போய், "சாரி ஆன்ட்டி, அது நிக்காது," என்றான். பாவமாக இருந்தது.

அவள் நாளில் முதலில் ஆர்கனையே திறக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் பாடச் சொன்னாள். எங்கள் சத்தம் இறங்க இறங்க, டெனர் வரிசைப் போஸ்ட்மேனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. முடிந்ததும் முதல்வரம்மாவே, "எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார். மைக் அண்ணனும் தலையாட்டினார்.

அவளையே எடுத்துவிட்டோம்.

வீட்டில் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

வீடு தேடி வந்துவிட்டாள்! முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. இவர் அவசரமாக மணிக்கட்டில் கட்டைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவசரத்தில் இடது கையில்.

அவள் அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சத்தியமா நான் சொல்லலங்க."

"ஸ்பீக்கர் சொல்லுச்சு மாஸ்டர்," என்றாள் அவள்.

அவர் குனிந்து, கையில் இருந்த கட்டை மெதுவாக அவிழ்த்தார். அவிழ்த்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

அப்புறம் எல்லாம் கொட்டினார். தகர டப்பா, கண்ணாடி அறை, அந்தக் கடைசிச் சரணம். அவளும் ஆறுதல் எதுவும் சொல்லாமல் கேட்டாள். கடைசியில், "பயிற்சிக்கு வாங்க மாஸ்டர், எனக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள்.

"எனக்குக் கேக்காதேம்மா."

"கண்ணு தெரியுதில்ல? நான் வாசிக்கும்போது குவாயர் என் முதுகுக்குப் பின்னால இருக்கு. அவங்க முகத்தை யாராவது பாக்கணும்."

வரமாட்டேன் என்றார். ஆனால் வாசல் வரை போய் அவளை வழியனுப்பினார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பயிற்சிக்கு அவர் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "போலாமா?" அவ்வளவுதான்.

அவர் உள்ளே வந்ததும் குவாயர் எழுந்து நின்றது. அவர் கையமர்த்திவிட்டு, எங்கள் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பாட்டு வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினோம். எழுந்து பேஸ் வரிசைக்குப் போய், மைக் அண்ணன் முன்னால் நின்று உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, வாய் அசையுது. தொண்டை அசையலையே?"

மைக் அண்ணன்! ஊருக்கே கேட்கிற குரல்! அண்ணன் முகம் சிவந்து, சின்னப்பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நாளாவே அப்படித்தான் மாஸ்டர். பேசுறதுன்னா பயமில்ல. பாட்டுன்னா... நீங்க ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சுதி சேரலன்னு நிறுத்திட்டீங்க. அதிலேர்ந்து சும்மா வாயை மட்டும்..."

யாரும் சிரிக்கவில்லை. இவர் அண்ணன் தோளில் கை வைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொன்னார்:

"இப்ப தைரியமாப் பாடுங்கண்ணே. நான் எதிர்லயே இருக்கேன். எனக்கு ஒண்ணும் கேக்காது. காது போயிடுச்சு."

ஆர்கன் அருகிலிருந்து அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவர். பிறகு எல்லாரும். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினார்.

திரும்பி வரும்போது அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, தெருவிளக்கு என் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பினார்.

"எப்படிப் பாடினாரு?"

"சுதி சேரலைங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ ஒண்ணும் சொல்லிடாதே. அடுத்த வாரமும் பாடட்டும்."