மில் வாசல் கற்பூரவல்லி

அன்புத் தங்கச்சிக்கு,

தம்பியின் சளிக்குக் கற்பூரவல்லியை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். இரண்டு இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் கலந்து கொடு. சளி இளகும். மூச்சு இழுத்தால் மட்டும் இலையை நம்பி உட்காராதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

எங்கள் நூல்மில் வாசலிலும் ஒரு தொட்டியில் இந்தச் செடி இருக்கிறது. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கிறது, மாஸ்க் கொடுங்கள் என்று நம்மூர்ப் பெரியநாயகி கேட்டாள்.

"அதான் வாசல்ல மருந்து வெச்சிருக்குதே சாமி! ரெண்டு எலைய மென்னுட்டு மிசினுக்குப் போ" என்றார் சூப்பர்வைசர்.

"ஏனுங்க, எலை வந்து தூசியக் கூட்டித் தள்ளுமுங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

இலை நல்லதுதான். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இத்தனை பேரும் கிள்ளிக் கிள்ளி, அந்தச் செடியில் தண்டு மட்டும்தான் நிற்கிறது.

எனக்கு ஒன்றும் இல்லை. எழுத்து நடுநடுவே கோணியிருந்தால் தூக்கக் கலக்கம் என்று அம்மாவிடம் சொல்.

பிளஸ் டூவை விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வருகிறேன் என்கிறாய். பையில் என்னென்ன வைப்பது என்றும் கேட்கிறாய். எதையும் வைக்காதே. தம்மம்பட்டி திரும்பும் பெரியநாயகியிடம் இந்தக் கடிதத்தோடு அந்தத் தண்டில் ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்திருக்கிறேன். கிணற்றடியில் நட்டு வை. அங்கேயாவது அது இலை விடட்டும். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போ.

உன் அக்கா